தூளி கட்டிய அறை

மழை ஈரத்தில் நமுத்த சிகரெட்டுக்கு ஒரு வாசனை இருக்கிறது. காய்ந்த புகை போல அது மேலே போகாது. தாழப் பறக்கும், கம்பளிச் சட்டையில் ஒட்டும், தபால் போடுவதற்காகக் கதவில் வெட்டி வைத்திருக்கும் துவாரம் வழியாக வீட்டுக்குள் நுழைந்து கழற்றிப் போட்ட ஷூக்களின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அயர்லாந்தில் கால்வே என்ற ஊரில், தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு அந்த வாசனை தவறாமல் வந்துவிடும். பக்கத்து வீட்டு ஷேமஸ் கிழவரும் அவர் மகன் கானரும் வாசற்படியில் நின்று பிடிப்பார்கள். அந்த ஊரில் மழை பெய்வதில்லை, தொங்கிக்கொண்டிருக்கும். தொங்குகிற மழைக்குள் மகன் தன் உள்ளங்கைகளைக் குவித்து, தீக்குச்சியைக் காற்றிலிருந்து காப்பாற்றி, அப்பாவின் உதட்டிலிருக்கும் சிகரெட்டை முதலில் பற்றவைப்பான். பிறகுதான் தன்னுடையதை. இருவரும் இழுத்து, விட்டு, குதிரைப் பந்தயம் பேசுவார்கள்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குக் கண்ணைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது. ஏதோ பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட கூச்சம். ஊரிலிருந்து இதைப் படிக்கிற ஆண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்பா எதிரில் மகன் பிடிப்பதாவது! அதுவும் பற்றவைத்துக் கொடுப்பதாவது! நான் சிதம்பரத்தில் படித்த காலத்தில் கீழ ரத வீதி முனை டீக்கடையில் நின்று புகைத்துக்கொண்டிருந்தேன். அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு நேர் எதிரே வந்துவிட்டார். கீழே போட நேரமில்லை. எரிகிற சிகரெட்டை அப்படியே பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன். "பரீட்சை எப்ப முடியுது?" என்றார். "அடுத்த வாரம்பா" என்றேன். தொடை பொசுங்கியது. பையிலிருந்து மெல்லிசாகப் புகை எழும்பியது. அவர் அதைப் பார்த்தார். "வெயில் ஜாஸ்தியா கீது, நெழல்ல நில்லு" என்று சொல்லிவிட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். நான் தொடையைச் சுட்டுக்கொண்டது என் மரியாதை. பார்க்காத மாதிரி போனது அவருடையது. அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. வெகுகாலம் அதை ஒரு பதக்கம் போல நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

கால்வேயில் இன்னொரு விசித்திரமும் நடந்தது. எங்கள் மகள் ஜெனி, அப்போது ஐந்து வயது, பள்ளி முடிந்து என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்குள் திரும்பினாளோ இல்லையோ, அப்பனும் மகனும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவார்கள். வாயில் இருக்கும் புகையை சுவரைப் பார்த்து ஊதுவார்கள். சில நாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வதும் உண்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் தோலைப் பார்த்து முகத்தைத் திருப்புகிறான்கள் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். ஸ்டெல்லா என் மனைவி. அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு டியூட்டி முடித்து வந்த அலுப்பில், "ஒங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு கவிதை வேணும். நேராப் போயி கேட்டாதான் என்ன?" என்றாள்.

கேட்டேன். என் ஆங்கிலமும் கானரின் ஆங்கிலமும் ஒரே மொழி இல்லை. "என் மகள் வரும்போது நீங்கள் ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்றேன். அவன் முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்கோ, நாளையிலேர்ந்து பின்பக்கம் போயிடறோம்" என்றான். எங்களைக் கண்ணிலேயே பார்க்க விரும்பவில்லை போலிருக்கிறது என்று எனக்கு இன்னும் கோபம். "எதுக்குப் பின்பக்கம்? நாங்க என்ன செஞ்சோம்?" என்றேன். அவன் விழித்தான். கிழவர்தான் புரிந்துகொண்டு சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கிய பிறகு, "அவ சின்னப் புள்ளையப்பா. சின்னப் புள்ளைங்க பக்கத்துல புகை விடக் கூடாதில்ல?" என்றார்.

அந்த நாட்டில் 2004-லேயே வேலை செய்யும் இடங்களுக்குள் புகைக்கக் கூடாதென்று சட்டம் வந்துவிட்டது. மதுக்கடைக்காரர்கள்கூட மழையில் நின்றுதான் பிடித்தார்கள். ஆனால் இது சட்டம் இல்லை, வேறு ஏதோ. நான் அசடு வழிய, எங்கள் ஊரில் அப்பாவுக்குத்தான் மறைப்போம் என்று சொன்னேன். "அப்பனுக்கா? எனக்குக் கத்துக்கொடுத்ததே இந்த ஆளுதானே!" என்று கானர் கிழவரின் தோளில் தட்டினான். மூவரும் சிரித்தோம். வீட்டுக்குள் வந்து ஜெனியின் ஈரக் கோட்டைக் கழற்றும்போது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவர்கள் சிகரெட்டை மறைத்தது ஒரு குழந்தைக்கு. நாங்கள் மறைத்ததெல்லாம் பெரியவர்களுக்கு. எங்களில் யாரும் எந்தக் குழந்தைக்கும் எதையும் மறைத்த ஞாபகமே எனக்கு வரவில்லை.

ஞாபகத்துக்கு வந்தது ஒரு அறை. திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டெல்லாவின் பிறந்த வீடு. வாசலை ஒட்டிய ஹாலில் என் மாமனார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தெருவில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கிப் படித்தவர்கள். அவர் மகன் லூர்து, ஸ்டெல்லாவின் தம்பி, மட்டும் படிக்காமல் மஞ்சக்குப்பத்தில் பைக் மெக்கானிக் ஷெட் போட்டுவிட்டான். அந்தக் குறையே அவருக்குப் போதும், இதில் சிகரெட் வேறு என்று தெரிந்தால் என்ன ஆகும் என்று லூர்துக்குப் பயம். வாசலில் நின்று பிடிக்க முடியாது, அப்பா. தெருமுனையிலும் முடியாது, அப்பாவின் மாணவர்கள். மாடியில் முடியாது, எதிர்வீட்டு மாடியில் அப்பாவின் நண்பர். மிச்சம் இருந்தது பின்னறை ஒன்றுதான். கதவைச் சாத்தி, சன்னலைச் சாத்தி, அங்கே பிடிப்பான்.

அந்த அறையில்தான் எங்கள் மகளுக்குத் தூளி கட்டியிருந்தது. வீட்டிலேயே அமைதியான இடம் அதுதானே! 2005-ல் பிறந்தாள். அந்த வருடக் கடைசியிலேயே ஸ்டெல்லாவுக்கு வேலை உத்தரவு வந்துவிட்டது. நெஞ்சில் பால் கட்டிக்கொண்டு விமானம் ஏறினாள். சில மாதத்தில் நானும் போனேன். ஒரு வருடத்தில் கூட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிப் போனது, விசா, வீடு, டியூட்டி என்று நீண்டு நான்கு வயதுக்குப் பக்கத்தில்தான் அவளைக் கூட்டிவர முடிந்தது. அதுவரை அவளை வளர்த்தது ஸ்டெல்லாவின் அம்மாவான அத்தையும் லூர்தும். சொல்லப்போனால் லூர்துதான். ஷெட்டை மத்தியானம் மூடிவிட்டு வந்து தூக்குவான். அவன் நெஞ்சில்தான் அவள் தூங்குவாள். பெட்ரோல் வாசனை வந்தால் சிரிக்கும் ஒரே குழந்தை உலகத்திலேயே இவதான் மாமா என்று போனில் சொல்லுவான். அக்கா புருஷனான என்னை அவன் மாமா என்றுதான் கூப்பிடுவான்.

ஒரு தடவை பிரௌசிங் சென்டரிலிருந்து ஒரு படம் அனுப்பினான். பாயில் மல்லாந்து படுத்திருக்கிறான். நெஞ்சின் மேல் குழந்தை, கன்னம் நசுங்கத் தூங்குகிறது. ஒரு கையால் அதன் முதுகை அணைத்திருக்கிறான், இன்னொரு கையை உடம்பை விட்டுத் தள்ளி நீட்டி சிகரெட் வைத்திருக்கிறான். சாத்திய சன்னலின் இடுக்கு வழியாக வெயில் ஒரு கோடாக இறங்கி இருவர் மேலும் விழுகிறது. அந்தப் படத்தைப் பிரிண்ட் எடுத்து கால்வேயில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தோம். ஸ்டெல்லா பால் எடுக்கும்போதெல்லாம் அதைத் தொட்டுவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். நான் அந்த வெயில் கோட்டைப் பற்றி எழுதினேன். பிரிவு என்பது ஒரு அறைக்குள் இறங்கும் சாய்ந்த வெளிச்சம் என்கிற மாதிரி ஏதோ. ஒரு சிற்றிதழில் வந்தது. நண்பர்கள் பாராட்டினார்கள். வெயில் காற்றில் அப்படிக் கோடாகத் தெரிய வேண்டுமென்றால் அந்தக் காற்றில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதிய எனக்கும் தோன்றவில்லை, படித்தவர்களுக்கும் தோன்றவில்லை.

2011-ல் ஜெனியின் டீச்சர் எங்களைக் கூப்பிட்டுவிட்டார். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை, கேள்விக்குப் பதில் சொல்லாமல் சிரிக்கிறாள் என்றார். மொழிப் பிரச்சினை என்று நாங்கள் சொன்னோம். அவர் தலையை ஆட்டிவிட்டு, எதற்கும் காதைச் சோதித்துவிடுங்கள் என்றார். சோதித்தார்கள். இரண்டு செவிப்பறைக்குப் பின்னாலும் பசை மாதிரி நீர் தங்கியிருந்தது. அதனால் கேட்பது மந்தம். முன்பே மழைக்காலம் வந்தால் இழுப்பும் இருந்தது அவளுக்கு. டாக்டர் இளைஞர், அவசரப்படாதவர். வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். குறை மாதமா, தாய்ப்பால் எத்தனை நாள், அடிக்கடி சளி பிடிக்குமா. பிறகு, "கைக்குழந்தையா இருந்தப்ப வீட்ல யாராவது புகைபிடிச்சாங்களா?"

"இல்லை" என்றாள் ஸ்டெல்லா.

கேள்வி முடிவதற்குள் வந்துவிட்ட பதில் அது. அவள் நர்ஸ். அதே கேள்வியை எத்தனையோ தாய்மாரிடம் கேட்டு எழுதியிருப்பவள். அவள் காது மடல் சிவப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நானும் தலையசைத்தேன். டாக்டர் மேற்கொண்டு சொன்னார். இது பல பிள்ளைகளுக்கு வரும், குளிர் நாட்டில் இன்னும் அதிகம், இதனால்தான் வந்தது என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட யாராலும் முடியாது, புகை இருந்த வீட்டுக் குழந்தைகளுக்கு வாய்ப்பு கூடுதல், இனிமேலும் புகை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். காதில் வைக்கும் சின்னக் குழாய்களைப் பற்றிச் சொன்னார். நாங்கள் நன்றி சொல்லி எழுந்தோம். வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லா கோட்டைக்கூடக் கழற்றாமல் ஃபிரிட்ஜ் முன்னால் போய் நின்றாள். அந்தப் படத்தைத் தொட்டாள். பிறகு காந்தத்தை ஒதுக்கி அதை எடுத்து, கவிழ்த்து, மேசை இழுப்பறையில் போட்டாள். "எம் புள்ளைய எம் தம்பிதான்..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. அவனைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. விட்டுவிட்டு வந்தது யார் என்று அடுத்த வாக்கியம் வந்துவிடுமே!

அந்தக் குளிர்காலம் முடியும்போது ஷேமஸ் கிழவர் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கானர் மட்டும் வாசலில் நின்றான். ஒருநாள் சூப் கொண்டுபோய்க் கொடுத்தபோது கிழவரிடம் ஜெனியின் காதைப் பற்றிச் சொன்னேன். அறையின் விஷயத்தையும் சொன்னேன். டாக்டரிடம் சொல்ல முடியாததை அவரிடம் எப்படிச் சொன்னேனோ. அவர் சமையலறையைக் காட்டினார். "இங்கதான் ஏழு பேரை வளர்த்தோம். நான் ஒரு பக்கம், அவ ஒரு பக்கம். அவ வாயில சிகரெட்டோடதான் துணி தேய்ப்பா. மேரிக்கு இழுப்பு, டாமுக்கு இழுப்பு. ஈரம்னு நெனச்சோம். சுவத்துக்குப் பெயிண்ட் அடிச்சோம்." குழாயைச் சரிசெய்துகொண்டார். "எங்களுக்கு யாரும் சொல்லலப்பா. தெரிஞ்சவங்க இருந்திருப்பாங்க. மரியாதைக்குச் சொல்லாம விட்டுட்டாங்க."

மரியாதைக்கு. நான் சூப் கிண்ணத்தைக் கழுவாமலே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஏனென்றால் அந்த வருடத் தொடக்கத்தில்தான் லூர்துக்கும் ஒரு பையன் பிறந்திருந்தான். அதே வீடு. அதே பின்னறை. அதே தூளி.

2012 ஜூலையில் ஊருக்கு வந்தோம். பிறந்த வீட்டில் தங்குவதில்லை என்று ஸ்டெல்லா ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். ஜெனிக்கு வலது காதில் வைத்த குழாய் நன்றாக வேலை செய்தது, இடது இன்னும் மந்தம். புகைக்குள் அவளைக் கொண்டுபோய்ப் படுக்கவைக்க மாட்டேன் என்றாள். அதை லூர்திடம் சொல்லலாமே என்றேன். "எப்படிங்க சொல்றது? அவன் செத்துடுவான்" என்றாள். ஆகவே சிதம்பரத்தில் லாட்ஜ். என் சிநேகிதர்கள் அங்கே இருக்கிறார்கள் என்று ஒரு சாக்கு. பாப்பாவுக்கு ஏசி இல்லாமல் முடியாது என்று இன்னொரு சாக்கு. பிறந்த வீட்டுக்கு ஒரு மணி நேரத் தொலைவில், வாடகை அறையில், நாங்கள் மூன்று பேரும் சன்னலை மூடிக்கொண்டு படுத்திருந்தோம்.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் போனோம். மாமனார் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஹாலில் அவர் படத்துக்குக் கீழே சின்ன சீரியல் பல்பு எரிந்தது. லூர்து பளபளவென்று சவரம் செய்து, புதுச் சட்டையில் நின்றான். அவன் பெண்டாட்டி ரீட்டா கைக்குழந்தையோடு சிரித்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போனான். "பாப்பா, இங்க வாயேன். மாமன் ஒனக்கு என்ன பண்ணிக்கிறேன் பாரு" என்று புதுக் கதவைத் திறந்தான். வெள்ளை வெளேரென்று வெஸ்டர்ன் டாய்லெட். "ஒக்காந்து பாரு, பாரின் மாதிரியே இருக்கான்னு மாமனுக்குச் சொல்லு." ஜெனி பாவாடையோடு அதன் மூடி மேல் உட்கார்ந்து காலாட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். பின்னறைக்கும் வெளிர் நீலத்தில் பெயிண்ட் அடித்திருந்தான். பெயிண்ட் வாசனைக்கு அடியில் அந்தப் பழைய வாசனை அப்படியே இருந்தது.

"இப்ப என்ன கொறச்சல்க்கா? பெட்டியத் தூக்கிக்கினு வந்துடுங்க" என்றான் ஸ்டெல்லாவிடம்.

"இல்லடா, அவளுக்கு ஏசி இல்லாம..."

"ஏசிதானே? அடுத்த வாட்டி வரும்போது அதையும் போட்டுடறேன்." குரல் சிரித்தது. முகம் சிரிக்கவில்லை. சாப்பிடும்போது ஜெனிக்கு இடப்பக்கம் உட்கார்ந்து அவளை இரண்டு மூன்று தடவை கூப்பிட்டான். அவள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். "பாத்தீங்களா மாமா? பாரின் போனதும் மாமன் கூப்ட்டாக்கூட திரும்ப மாட்டேங்குது. எந் நெஞ்சுல படுத்து எச்சி வுட்ட கழுத இது" என்றான். ரீட்டாவும் அத்தையும் சிரித்தார்கள். ஸ்டெல்லா சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அவள் திரும்பி வர வெகுநேரம் ஆனது.

அவன் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும், பணம் வந்ததும் திமிர் பிடித்தவர்கள் என்று ஏசட்டும், அது அவனுக்கு வலி குறைவு என்று அன்று இரவு ஸ்டெல்லா சொன்னாள். எனக்கும் அது சரியென்று பட்டது. அந்தக் கைக்குழந்தையின் முகம் மட்டும் இடறியது. எங்கள் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு லாட்ஜுக்கு ஓடிவந்துவிட்டு, அவன் பிள்ளையை அங்கேயே விட்டிருக்கிறோம். இதற்குப் பெயர் பெருந்தன்மையா?

காலையில் தனியாக பஸ் ஏறினேன். வழியில் தொழிற்சாலைப் பக்கம் வரும்போது அந்த ரசாயன வாடை வழக்கம்போல பஸ்ஸுக்குள் வந்தது. பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். மடியில் இருந்த குழந்தைகள் மூடிக்கொள்ளவில்லை. பிறகு வாடை விலகியது, முந்தானைகள் இறங்கின.

லூர்து பின்னறையிலிருந்து ஏலக்காயை மென்றுகொண்டே வெளியே வந்தான். "வாங்க மாமா. போன் பண்ணிருந்தா ஸ்டாண்டுக்கு வந்திருப்பேனே. பாப்பா எங்க?"

"லாட்ஜுல."

"ஏசியில" என்று திருத்தினான்.

அவன் திறந்துவைத்திருந்த கதவு வழியாகப் பின்னறை தெரிந்தது. சன்னல் சாத்தியிருந்தது. தூளி கனத்துத் தொங்கியது, லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நீலச் சுவருக்கு முன்னால் புகை இன்னும் கலையவில்லை. "அதான் அப்பா இல்லையே லூர்து. இன்னும் எதுக்கு உள்ள நின்னு புடிக்கிற?" என்றேன். அவன் வெட்கப்பட்டான். என்னிடமிருந்து அந்த வார்த்தையை அவன் எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருடத்தில் என் எதிரில் அவன் பிடித்ததே இல்லை. "அப்பா போட்டோ ஹால்ல இருக்கே மாமா" என்றான் மெதுவாக.

அறைக்குள் போய் சன்னலைத் திறந்துவிட்டுச் சொன்னேன். ஏசி விஷயம் இல்லை என்று ஆரம்பித்தேன். காதைச் சொன்னேன், டாக்டரின் கேள்வியைச் சொன்னேன், நாங்கள் சொன்ன பொய்யைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவன், "அப்ப நேத்து நான் கூப்ட்டப்ப..." என்றான்.

"அந்தப் பக்கம் அவளுக்குச் சரியா கேக்காது லூர்து."

தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். "நாந்தான் அடைச்சேன்றீங்க."

"அப்பிடிச் சொல்லல. எதனாலன்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னுதான் டாக்டரும் சொன்னாரு."

"அப்பறம் எதுக்கு வந்தீங்க? அம்மா தெனம் சாம்பிராணி போட்டாங்க. ராத்திரி பூரா கொசுவத்தி எரியும். ஓ.டி. கம்பெனிங்க பக்கத்துலேர்ந்து காத்தடிச்சா ஊரே மூக்கப் பொத்துது. அதெல்லாம் கேக்க ஆளு இல்ல. என் ஒரு சிகரெட்டுதான் ஒங்களுக்கு ஆப்ட்டுதா? நீங்க வுட்டுட்டுப் போனீங்க மாமா. நான் தூக்கிக்கினு அலைஞ்சேன். ஜொரம் வந்தப்போ சிதம்பரம் பெரியாஸ்பத்திரி வராண்டாவுல மூணு ராத்திரி நான் ஒக்காந்துருந்தேன். அப்ப எங்க போனீங்க ரெண்டு பேரும்?"

"இவனுக்காகத்தான் வந்தேன்" என்று தூளியைக் காட்டினேன். அவன் தூளியைப் பார்த்தான். பிறகு வெளியே வந்து, பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு, ஹாலுக்குப் போனான். சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்தான். அப்பாவின் படத்துக்கு நேர் கீழே, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, பற்றவைத்தான்.

அத்தை சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். "டேய் லூர்து! என்னடா இது, அப்பா எதிர, மாமா எதிர!"

"அப்பா எதிர புடிச்சா தப்பு. மாமா எதிர புடிச்சா தப்பு. இப்ப புள்ள எதிரயும் தப்பாம். வேற எங்கதாம்மா புடிக்கட்டும், கெடிலம் ஆத்துல எறங்கி நின்னா?" என்றான். புகையை என் பக்கம் ஊதினான். கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். "கெளம்புங்க மாமா. பஸ்ஸு போயிடும்."

மிச்ச நாட்களில் அவன் லாட்ஜ் பக்கம் வரவில்லை. ஸ்டெல்லாவிடம் நான் நடந்ததைச் சொன்னபோது அவள் என்னைத் திட்டவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு அவளும் ஜெனியும் பகலில் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்த நேரம் லூர்து ஷெட்டில் இருந்துகொண்டான்.

கிளம்பும் நாள் காலை சிதம்பரத்தில் ரயில் ஏறினோம். சென்னை போகும் ரயில் திருப்பாதிரிப்புலியூரில் கொஞ்ச நேரம் நிற்கும். லூர்து முறுக்குப் பொட்டலம் கொண்டுவருவான் என்று அத்தை போனில் சொல்லியிருந்தார். வந்தால் பார்ப்போம் என்று நான் கதவருகே வந்து, பாதி உடம்பு ரயிலிலும் பாதி உடம்பு பிளாட்பாரத்தின் மேலுமாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு வருடமாக எனக்கு அந்த நிலைதான் பழகியிருக்கிறது. ரயில் மெதுவாகி நின்றது.

கூரை முடிந்து வெயில் தொடங்கும் இடத்தில் அவன் நின்றிருந்தான். ஒரு கையில் மஞ்சள் பை. இன்னொரு கையில் சிகரெட். என்னைப் பார்த்துவிட்டான். கையை மறைக்கவில்லை. நிதானமாக ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டே என் பெட்டியை நோக்கி நடந்து வந்தான். முன்பெல்லாம் என்னை நூறடி தள்ளிப் பார்த்தாலே கீழே போட்டு மிதிப்பவன். சரி, இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வர வேண்டியதுதான் இது.

"லூர்து மாமா!" என்று ஜெனி என் கைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு வந்தாள்.

அவன் அப்படியே நின்றான். சிகரெட் கீழே விழுந்தது. செருப்பால் தேய்த்தான். வாயில் இருந்த புகையை மறுபக்கம் திரும்பி ஊதினான், காற்றைக் கையால் விசிறினான், விரல்களை பேண்ட்டில் அழுத்தித் துடைத்தான். ஒரு கணம் எனக்குத் தொங்கும் மழையும் ஈரப் படிக்கட்டும் இரண்டு மனிதர்களும் தெரிந்தார்கள். பையை என்னிடம் நீட்டினான், என்னைப் பார்க்கவில்லை. பிறகு படிக்குக் கீழே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாறி, ஜெனியின் வலது காதுப் பக்கமாக வந்து நின்றான். ஸ்டெல்லா பின்னாலிருந்து என் சட்டையை இறுகப் பிடித்தாள்.

ரயில் நகர ஆரம்பித்தது. அவன் ஜெனியின் கையைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தான்.

"ஏன் மாமா அதைக் கீழ போட்டீங்க?" என்றாள் அவள், அயர்லாந்துத் தமிழில்.

"பெரியவங்க வந்தா போட்றணும் பாப்பா" என்றான் லூர்து, நடந்துகொண்டே, அவளுக்குக் கேட்கும்படி உரக்க.